சலமான்கா சிப்பி வீடு: சுவரில் இருப்பது யாருடைய சிப்பி?

பென்சில்முனை:

மூன்று நாளாக மாலை வேளையில் ஒரே சுவருக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறேன். ஸ்பெயினில் சலமான்கா நகரத்தில் இருக்கிற காசா தே லாஸ் கோன்சாஸ். தமிழில் சொன்னால் சிப்பி வீடு. 1493இல் தொடங்கி 1517 வாக்கில் முடித்த கல் மாளிகை. தேன் நிற மணற்கல் சுவர், அதன் மேல் முழுக்கச் சிப்பிகள். 300க்கு மேல் என்கிறார்கள். நானே எண்ணிவிடலாம் என்று இறங்கினேன். நூற்று நாற்பதைத் தாண்டியபோது ஒருவர் வழி கேட்டார். அடுத்த முறை ஒரு புறா நான் எண்ணிக்கொண்டிருந்த சிப்பி மேலேயே வந்து உட்கார்ந்தது. விட்டுவிட்டேன்.

பழைய கட்டடங்களைப் பென்சிலில் வரைவதுதான் என் வேலை. பார்த்துவிட்டு நகர்ந்திருந்தால் எந்தச் சந்தேகமும் வந்திருக்காது, வரைய உட்கார்ந்ததால் வந்தது. சிப்பிகள் ஒன்றின் கீழ் ஒன்றாக இல்லை. ஒவ்வொரு வரிசையும் மேல் வரிசையைவிட அரை இடம் தள்ளி நிற்கிறது, அதனால் கண் நேராக இறங்காமல் குறுக்காகவே ஓடுகிறது. இவ்வளவு ஒழுங்காகச் சிப்பி வைத்தவர்கள் ஜன்னல் விஷயத்தில் மட்டும் ஒழுங்கைக் காற்றில் விட்டுவிட்டார்கள். கோதிக் என்கிற இடைக்காலப் பாணி ஜன்னல்கள் நான்கு, நான்கும் நான்கு மாதிரி. முதல் நாள் நான் ஒன்றை வரைந்து, அதையே மற்ற மூன்று இடத்திலும் போட்டுவிட்டேன். சோம்பேறித்தனம்தான். மறுநாள் நிமிர்ந்து பார்த்ததும் எல்லாவற்றையும் அழிக்க வேண்டியதாயிற்று. கீழே இரும்புக் கிராதிகள் வேறு. அவற்றைப் பற்றி இப்போது பேசினால் அழுதுவிடுவேன்.

சரி, கேள்விக்கு வருகிறேன். நகரத்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்த ஒரு வழிகாட்டி, இது சந்தியாகோ படையணியின், அதாவது புனித யாக்கோபின் பெயரால் அமைந்த கிறிஸ்தவ வீரர் அமைப்பின் சின்னம், வீட்டுக்காரர் அதில் வீரர் என்றார். சற்று நேரத்தில் வேறொரு குழுவோடு வந்த இன்னொருவர், இது மனைவி குடும்பத்தின் சின்னம், காதலுக்காக வைத்தது என்றார். இரண்டு பேர் குரலிலும் கொஞ்சமும் தயக்கம் இல்லை. ஆனால் வாசலுக்கு மேலே இருக்கிற குடும்பச் சின்னக் கேடயத்தில் சிப்பியே இல்லை, லில்லி மலர்கள்தான் இருக்கின்றன. வாசல் விட்டத்தில் டால்பின்கள். அரசர்களின் சின்னமும் முகப்பில் இருக்கிறது. ஒரே வீட்டில் இத்தனை சின்னம் எதற்கு? சிப்பி யாருடையது?

இன்னொன்று. லில்லிக் கேடயத்துக்கு நிழல் காட்டுவதற்காக நான் படுக்கைக் கோடுகள் போட்டிருந்தேன். எட்டிப் பார்த்த ஒரு மாணவர், “ஏன் நீலமாக்கிவிட்டீர்கள்?” என்று கேட்டார். என் கையில் இருந்தது கறுப்புப் பென்சில். அவரும் சிரித்துவிட்டுப் போய்விட்டார். என்ன சொன்னார் என்று யாருக்காவது புரிகிறதா?


உளிச்சத்தம்:

சின்னங்களைப் பற்றி வேறு யாராவது சொல்வார்கள். நான் பழைய கல் கட்டடங்களைச் செப்பனிடும் வேலையில் இருப்பவன், கல்லைப் பற்றிச் சொல்கிறேன்.

நீங்கள் தேன் நிறம் என்று சொன்னது வியாமயோர் கல். சலமான்காவுக்குப் பக்கத்தில் அதே பெயருள்ள ஊரில் வெட்டுகிற மணற்கல். குழியிலிருந்து எடுக்கும்போது ஈரமாக, மெதுவாக இருக்கும். அப்போது அதில் என்ன வேண்டுமானாலும் செதுக்கலாம். காயக் காய மேற்பரப்பு இறுகும். உள்ளே இருக்கிற இரும்பு காற்றுப் பட்டு அந்தப் பொன்னிறத்தைக் கொடுக்கும். இந்த நகரத்துச் சிற்பிகள் கல்லில் சரிகை வேலை செய்தது திறமையால்தான், மறுக்கவில்லை. ஆனால் கல்லும் பாதி வழி இறங்கி வந்தது. கருங்கல்லில் 300 சிப்பி வெட்டச் சொல்லியிருந்தால் உளி பிடித்தவர்கள் ஊரைவிட்டே ஓடியிருப்பார்கள்.

இந்த நகரத்தின் வேலைப்பாட்டுக்குப் பிளாத்தரெஸ்கோ என்று பெயர். பிளாத்தேரோ என்றால் வெள்ளி ஆசாரி. கல்லை வெள்ளிப் பாத்திரம் மாதிரி இழைத்திருக்கிறார்கள் என்று பொருள். சிப்பி வீடு அதற்குச் சற்று முந்தைய கட்டத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஜன்னல்கள் முழு கோதிக். டால்பினும் இலைக்கொடியும் இத்தாலியிலிருந்து வந்த புது மோஸ்தர். இரண்டும் ஒரே சுவரில். கட்டி முடிக்க இருபது ஆண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டால் பாணி நடுவில் மாறாமல் என்ன செய்யும்?

இந்தக் கல்லுக்கு ஒரு பலவீனம் உண்டு. தண்ணீரை உறிஞ்சும். தரையிலிருந்து ஈரம் ஏறி ஏறி, அடி வரிசைக் கற்கள் தோல் தோலாக உரியும். இந்த நகரத்தின் பழைய கட்டடங்கள் பலவற்றில் அடியில் கருங்கல் வைத்து, அதற்கு மேல் மணற்கல் ஏற்றியிருப்பதைப் பார்க்கலாம். வரையும்போது அந்த இரண்டு கல்லுக்கும் ஒரே மாதிரி நிழல் கொடுத்துவிடாதீர்கள். மணற்கல்லின் விளிம்பு கொஞ்சம் சோர்ந்திருக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. கல்லில் இருப்பதெல்லாம் பழையது என்று நம்பாதீர்கள். அதே ஊரில் புதிய பேராலயத்தின் வாசல் ஒன்றில் விண்வெளி வீரர் சிற்பம் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். அது 1992இல் செப்பனிட்டபோது செதுக்கியது. அதைப் பார்த்துவிட்டு, அந்தக் காலத்திலேயே விண்கலம் இருந்தது என்று எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஆமாம், உள்ளே போனீர்களா? நீங்கள் முகப்பைத் தவிர வேறு எதையும் சொல்லவில்லையே. அது 1993 முதல் பொது நூலகம். முற்றத்தைப் பார்க்காமல் ஊர் திரும்பினால் பாதி வீட்டைத்தான் வரைந்ததாகக் கணக்கு.


பழையகேடயம்:

முதலில் மாணவர் விஷயம். அவர் சொன்னது சரி, நீங்கள் நீலமாக்கிவிட்டீர்கள்.

கேடயச் சின்னத்தில் நிறம்தான் பாதி அடையாளம். அச்சுப் புத்தகத்தில் நிறம் போட முடியாது என்பதால் கோடுகளை நிறத்துக்குப் பதிலாக வைத்தார்கள். செங்குத்துக் கோடு சிவப்பு, படுக்கைக் கோடு நீலம், புள்ளி பொன். குறுக்கும் நெடுக்குமாகப் போட்டால் கறுப்பு. ஒன்றும் போடாமல் விட்டால் வெள்ளி. பெத்ரா சாங்தா என்ற இத்தாலிய யேசு சபைத் துறவி 1638இல் தன் நூலில் பயன்படுத்திப் பரப்பிய முறை இது. சிப்பி வீடு அதற்கு நூறு ஆண்டுக்கு மேல் மூத்தது. ஆகவே 1500ஐ ஒட்டிய கல் கேடயம் எதிலாவது கோடுகளைப் பார்த்தால் நிறம் என்று படிக்காதீர்கள், அது உளி ஓடிய தடம். ஆனால் உங்கள் படத்தில் இருப்பது நிழல்தான் என்று பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? கோட்டை நிறமாகப் படித்ததால்தான் அந்த மாணவர் சிரித்திருக்கிறார்.

இப்போது வாசல். லில்லி மலர்கள் மல்தொனாதோ குடும்பத்துக் கேடயம். ஐந்து மலர், பெருக்கல் குறி வடிவில்: நான்கு மூலைக்கு நான்கு, நடுவில் ஒன்று. லில்லி பிரான்ஸ் அரசர்களின் பூ, அது ஸ்பெயினின் காஸ்தீயப் பகுதிக் குடும்பத்துக்கு எப்படி வந்தது என்பதற்கு ஒரு கதை வைத்திருக்கிறார்கள். இவர்கள் மூதாதை ஒருவர் பிரெஞ்சுப் பிரபு ஒருவரோடு சண்டையிட்டு வென்றாராம். உயிரை விடுவதற்கு ஈடாக லில்லி மலர்களைக் கேட்டாராம். பிரெஞ்சு அரசர் வேண்டா வெறுப்பாகக் கொடுத்து, “மல் தொனாதோ” என்று முணுமுணுத்தாராம். கொடுத்திருக்கக் கூடாது என்பது போன்ற அர்த்தம். அதுவே குடும்பப் பெயராகிவிட்டதாம். வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பெயர் முதலில் வந்திருக்கும், கதை பிறகு பின்னப்பட்டிருக்கும் என்பது என் எண்ணம்.

சிப்பிக்கு வருகிறேன். வீட்டைத் தொடங்கியவர் ரோத்ரிகோ மல்தொனாதோ தே தலவேரா. சலமான்கா பல்கலைக்கழகத்துச் சட்ட அறிஞர், அப்போது ஆண்ட அரசி இசபெல்லா, அரசர் ஃபெர்டினாண்ட் இருவரின் ஆலோசகர், சந்தியாகோ படையணி வீரர். அவர் மகன் ரோத்ரிகோ அரியாஸ் மல்தொனாதோ மணந்தது ஹுவானா பிமென்தெலை. பிமென்தெல் குடும்பம் பெனவென்தே பிரபுக்களின் வம்சம், மல்தொனாதோக்களைவிடப் பல படி மேலே. அவர்கள் கேடயம் நான்கு கட்டமாகப் பிரிந்தது. இரண்டு கட்டத்தில் பொன் மேல் சிவப்புப் பட்டைகள், மற்ற இரண்டில் பச்சை மேல் ஐந்து வெள்ளிச் சிப்பிகள். அந்த ஐந்தும் எப்படி அடுக்கியிருக்கின்றன தெரியுமா? அதே பெருக்கல் குறி வடிவில். ஐந்து லில்லி, ஐந்து சிப்பி, ஒரே அடுக்கு. இதைக் கவனித்த நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்படியானால் மனைவியுடையதா, படையணியுடையதா? கேள்வியையே கொஞ்சம் மாற்ற வேண்டும். கேடயத்துக்குள் இருப்பது வேறு, கேடயத்துக்கு வெளியே இருப்பது வேறு. உள்ளே இருப்பது குலச்சின்னம். அது சொத்துப் பத்திரம் மாதிரி, யார் மகன் என்று சொல்லும், இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. வெளியே சுவரில், கூரையில், வேலைக்காரர் உடையில் திரும்பத் திரும்ப வருவதை ஸ்பானியர்கள் திவீசா என்பார்கள். அதை ஒருவர் தானாகத் தேர்ந்தெடுக்கலாம். ஒன்றுக்கு மேற்பட்ட அர்த்தம் இருந்தால் இன்னும் நல்லது. சிப்பி வீட்டின் சிப்பிகள் கேடயத்துக்கு வெளியே, சுவர் மேல் இருக்கின்றன. தந்தைக்குப் படையணி, மகனுக்கு மனைவி குடும்பம். ஒரே சிப்பி இரண்டுக்கும் பொருந்தும்போது, கட்டியவர்கள் ஏன் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும்?

அரசர்களின் சின்னத்துக்குக் காரணம் எளிது. ரோத்ரிகோவின் பதவியும் செல்வாக்கும் அரசவையிலிருந்து வந்தவை, அதை வீதியில் போகிறவனுக்குச் சொல்ல வேண்டாமா? அந்த மாதிரிக் கேடயத்தை வரையும்போது கீழ் முனையைத் தேடுங்கள். சிறிய மாதுளம்பழம் இருந்தால் அது கிரனாதா. ஸ்பானிய மொழியில் அந்த ஊரின் பெயரும் பழத்தின் பெயரும் ஒன்றே. 1492 ஜனவரியில் முஸ்லிம் அரசாக இருந்த கிரனாதா இவர்களிடம் வீழ்ந்த பிறகுதான் மாதுளை கேடயத்தில் ஏறியது. பழைய கட்டடத்தின் காலத்தைச் சொல்ல அந்த ஒரு பழம் போதும், கல்வெட்டே வேண்டாம். நுகத்தடியும் அம்புக்கட்டும் எங்கேயாவது கண்ணில் பட்டால் அதுவும் இவர்கள்தான். நுகத்துக்கு ஸ்பானியச் சொல் யூகோ, முதல் எழுத்து Y; இசபெல்லாவின் பெயரையும் அந்த நாளில் Y போட்டுத்தான் எழுதினார்கள். அம்புக்கு ஃப்ளேச்சா, முதல் எழுத்து F, அது ஃபெர்டினாண்டுக்கு. கணவர் மனைவியின் எழுத்தையும் மனைவி கணவரின் எழுத்தையும் சின்னமாக வைத்துக்கொண்டார்கள்.


கோபுரநிழல்:

பழையகேடயம் இரண்டு பக்கத்தையும் சமாதானப்படுத்திவிட்டார். எனக்கு அது ஒப்பவில்லை. காதலுக்காகச் சிப்பி என்பது சுற்றுலாக்காரர்களுக்குச் சொல்லும் கதை. சிப்பி சந்தியாகோவின் அடையாளம் என்று அன்று வீதியில் போன எல்லாருக்கும் தெரியும். பிமென்தெல் கேடயத்தில் இரண்டு கட்டத்தில் சிப்பி இருப்பது எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? வீதிக்கு எதிரே வைக்கிற சின்னம் வீதிக்குப் புரிய வேண்டும்.

இந்தச் சுவரைப் பற்றி இன்னும் எத்தனை கதை! ஏதோ ஒரு சிப்பிக்கு அடியில் புதையல் இருக்கிறது என்பார்கள். எதிரே கிளெரெசியா ஆலயம் கட்டிய யேசு சபையினர், தங்கள் முகப்பை இந்த வீடு மறைக்கிறது என்று, இடிக்கச் சம்மதித்தால் சிப்பிக்கு ஒரு பொற்காசு தருகிறோம் என்றார்களாம். அந்த ஆலயம் 1617இல்தான் தொடங்கியது. கதை நன்றாகத்தான் இருக்கிறது. அந்தத் தெருவின் குறுகல் புரிய வேண்டுமானால் ஆலயப் படிக்கட்டில் நின்று திரும்பிப் பாருங்கள், சிப்பிகள் முகத்தில் வந்து இடிக்கும்.


பழையகேடயம்:

கோபுரநிழலுக்கு: காதல் என்ற சொல்லை நான் எழுதவே இல்லை, பழிபோடாதீர்கள். நான் சொல்வது சம்பந்தம். பெரிய குடும்பத்தில் பெண் எடுத்தால் அதை ஊருக்குக் காட்டுவது அந்த நாளில் பாசத்தைவிடப் பிழைப்பு. 1521இல் கொமுனேரோஸ் கலகம், அதாவது காஸ்தீய நகரங்கள் அரசருக்கு எதிராக எழுப்பிய கலகம், வியாலார் என்ற ஊரில் தோற்றது. பிடிபட்டவர்களில் சலமான்கா படைக்குத் தலைமை வகித்த பெத்ரோ மல்தொனாதோ பிமென்தெலும் ஒருவர். பெயரைப் பாருங்கள், இரண்டு கேடயமும் அதிலேயே இருக்கிறது. பெனவென்தே பிரபுவின் உறவினர் என்பதால் அவர் அன்று தப்பினார். அவர் இடத்தில் உறவினர் பிரான்சிஸ்கோ மல்தொனாதோவின் தலை போயிற்று. பெத்ரோவுக்கும் கெடு நீளவில்லை, 1522இல் சிமான்காஸில் வெட்டினார்கள். பிமென்தெல் என்ற பெயர் அவருக்கு ஓராண்டுக்கு மேல் உயிரை வாங்கிக் கொடுத்தது. அந்தக் குடும்பத்தின் சிப்பியைச் சுவர் முழுக்க வைப்பது அசட்டுத்தனமா?

வீதியில் போகிறவனுக்குப் புரிய வேண்டும் என்ற வாதம் நல்ல வாதம்தான். ஆனால் சிப்பி என்றாலே சந்தியாகோ படையணி என்று முடிவு கட்டினால் பிரான்சுக்குப் போய் மாட்டிக்கொள்வீர்கள். பூர்ஜ் நகரத்தில் ஜாக் கேர் மாளிகை இருக்கிறது. ஜாக் கேர் அரசர் ஏழாம் சார்லஸின் நிதிக்காரர், பெரும் வணிகர். 1443இல் தொடங்கிய வீடு. அங்கேயும் கல்லெல்லாம் சிப்பி, கூடவே இதயம். படையணி எதுவும் இல்லை. ஜாக் என்பது சந்தியாகோவின் பிரெஞ்சுப் பெயர், அதனால் சிப்பி. கேர் என்றால் இதயம். வீட்டுக்காரர் தன் பெயரையே கல்லில் வெட்டிவைத்தார், அவ்வளவுதான். “தீர நெஞ்சுக்கு முடியாதது எதுவுமில்லை” என்ற தன் வாசகத்தையும் வெட்டிவைத்தார். முகப்பில் பொய் ஜன்னல்கள் இரண்டு, அவற்றில் கல்லால் செய்த ஆட்கள் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மனிதர் அந்த வீட்டை அனுபவிக்கவே இல்லை. 1451இல் கைதானார், சிறையிலிருந்து தப்பி 1456இல் கியோஸ் தீவில் இறந்தார்.


உளிச்சத்தம்:

சண்டையில் முற்றத்தை மறந்துவிட்டீர்கள். பென்சில்முனை, போனீர்களா இல்லையா?


பென்சில்முனை:

போனேன்! இன்று காலையில். நூலகம் என்றாலும் டிக்கெட் எடுக்க வரிசையில் நிற்க வேண்டுமோ என்று நினைத்திருந்தேன். யாரும் என்னை நிறுத்தவில்லை, முற்றத்துக்குச் சும்மா நடந்து போய்விடலாம்.

வெளியே எவ்வளவு அடைத்த சுவரோ, உள்ளே அவ்வளவு திறப்பு. இரண்டு தளம். கீழே சதுரத் தூண்கள், அவற்றின் மேல் வளைவுகள். அந்த வளைவு அரைவட்டமும் இல்லை, கூர்முனையும் இல்லை. வளைந்து, ஒடிந்து, நேராகப் போய், மறுபடி வளைகிறது. ஒரே மூச்சில் பென்சிலை இழுக்க முடியாத கோடு. ஐந்து முறை முயன்றேன். மேல் தளத்தில் மெல்லிய தூண்கள், வெள்ளையாக, இத்தாலியக் கராரா பளிங்காம். மணற்கல் நடுவே அந்த வெள்ளை கண்ணைக் கூசுகிறது. சிங்கத் தலைகள் மேலிருந்து வாய் திறந்து பார்க்கின்றன. அங்கேயும் கேடயங்கள் இருந்தன. என் பக்கத்துப் பெஞ்சில் ஒரு பெண், தலையை ஒருமுறைகூடத் தூக்காமல் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். பழகிவிட்டால் எதுவும் அப்படித்தான் போல.

உளிச்சத்தம் சொன்ன பிறகு அடி வரிசைக் கற்களைத் தொட்டுப் பார்த்தேன். விரலில் மாவு மாதிரி ஒட்டியது. இனிமேல் தொட மாட்டேன்.

சிப்பி யாருடையது என்பதில் நான் பழையகேடயத்தின் பக்கம். அதற்கு என் காரணம் வேறு. வெயில் சாய்கிற நேரத்தில் ஒவ்வொரு சிப்பியும் தன்னைவிடப் பெரிய நிழலைச் சுவரில் போடுகிறது. அப்போது வாசல் கேடயத்தில் லில்லியைத் தேடினால் கண் சிப்பியில்தான் போய் விழுகிறது. படையணி மட்டும்தான் பெருமை என்றால் அதன் வாள் வடிவச் சிவப்புச் சிலுவையை வாசலில் வைத்திருக்கலாமே? சட்டப்படி மல்தொனாதோ வீடு. தூரத்திலிருந்து பார்த்தால் பிமென்தெல் வீடு. கோபுரநிழல் கோபித்துக்கொள்ள வேண்டாம், அவர் சொன்ன ஆலயப் படிக்கட்டில் நின்றுதான் இது தெரிந்தது.

கடைசியாக அந்தக் கேடயம். படுக்கைக் கோடுகளை அழித்துவிட்டேன், நீலம் போயிற்று. செங்குத்தாகப் போடலாம் என்றால் சிவப்பு. சரி, புள்ளி வைத்து நிழல் காட்டலாம் என்று ஒரு மூலை முழுக்க வைத்து முடித்த பிறகு உங்கள் பதிவை மறுபடி படித்தேன். புள்ளி என்றால் பொன். குறுக்கும் நெடுக்குமாகப் போட்டால் கறுப்பு. அப்படியே விட்டால் வெள்ளி, நிழலும் இல்லை. கடைசியில் பென்சில் தூளை விரலில் தொட்டுத் தேய்த்துவிட்டேன். தேய்த்த கறைக்கும் ஏதாவது நிறம் வைத்திருக்கிறார்களா, பழையகேடயம்?


பழையகேடயம்:

இல்லை. தேய்த்துக்கொள்ளுங்கள்.